மேயருக்கு மூன்று கை

இடது கையால் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் உள்ளே இருந்த மெமரி கார்டை ஓர் அழுத்து அழுத்தினாள். கார்டு துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மெல்லிய துணியால் துடைத்து, நீளமான பிளாஸ்டிக் டப்பாவில் 'செவ்வாய்' என்று எழுதியிருந்த குழியில் போட்டு, மூடியை டக்கென்று அமுக்கினாள்.

அது மாமியாரின் மாத்திரை டப்பா. ஏழு குழி, ஏழு மூடி, மூடிக்கு ஒரு கிழமை. மாமியார் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தபோது வாராவாரம் மாத்திரை பிரித்துப் போட்டவள் இவள்தான். மாமியார் போன பிறகு டப்பாவைத் தூக்கி எறியாததற்குப் பாசம் காரணமில்லை. கேமரா கார்டு வைக்க அளவு கச்சிதமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் மாநகராட்சிப் புகைப்படக்காரி. அலுவலகம் கொடுத்த அந்தக் கேமராவில் இரண்டு கார்டு போட இடம் உண்டு. ஒன்றில் விழுகிற படம் தானாகவே போன் வழியாக அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இன்னொன்றில் விழுவது அவளிடமே இருக்கும். எடுத்தது எடுத்தபடி, வெளிச்சம்கூட மாற்றாத படம். அந்த இரண்டாவது கார்டுதான் டப்பாவுக்குள் போகும். ஒரு வாரம் கழித்து அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்போதுதான், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துவிட்டு அந்தக் கார்டில் இருப்பதை அழிப்பாள். இந்தப் பழக்கத்தைப் பார்த்து அலுவலகத்தில் சிரிக்காத ஆள் கிடையாது.

அன்று மதியம் ஒன்றரை மணி. வீட்டில் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த, லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் பாதிச் சாப்பாட்டில் அடுத்த அழைப்புக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அப்போது அவளுடைய போன் அடித்தது. செய்தி நிறுவனத்தின் படப் பிரிவில் இருக்கும் பெண்மணி. பதினைந்து வருடமாகக் குரலில் மட்டும் பழக்கம். வணக்கம் சொல்வதற்குள் கேள்வி வந்தது.

"ஏம்மா, உங்க மேயருக்கு எத்தனை கை?"

"ரெண்டுதான். ஏன் கேக்கறீங்க?"

"நீ அனுப்பின படத்துல மூணு இருக்கு. எண்ணிப் பாரு."

அலுவலகத்தில் அவளுக்கு 'கூட ஒண்ணு' என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் கூட ஒண்ணு. யார் எந்த நிகழ்ச்சிக்கு வந்தாலும், வரிசையாக நின்று, சிரித்து, படம் முடிந்து, எல்லாரும் அப்பாடா என்று தோளைத் தொங்கவிடும் நேரத்தில் "கூட ஒண்ணு" என்று சொல்லி இன்னொரு தடவை அழுத்துவாள். சில சமயம் சொல்லாமலே அழுத்துவாள்.

இந்தப் பழக்கம் பிலிம் காலத்திலிருந்து வந்தது. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். அதில் மூன்று நிகழ்ச்சியை முடித்தாக வேண்டும். கூட ஒன்று எடுத்தால் பெரிய புகைப்படக்காரர் கத்துவார். "உங்கப்பன் வீட்டு பிலிமா?" என்று ஒரு தடவை கூட்டத்துக்கு நடுவில் கேட்டுவிட்டார். அவள் மறுநாளும் கூட ஒன்று எடுத்தாள். இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கை விட்டு விட்டு அவளுடைய விரல் நுனிகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அந்தக் காலம் போல வருமா என்று யாராவது ஆரம்பித்தால், அந்த மருந்து வாசனையில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசுங்கள் என்பாள்.

முதல் டிஜிட்டல் கேமரா அலுவலகத்துக்கு வந்தபோது மூத்த ஆண்கள் இரண்டு பேரும் அதைக் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். இவள் அதன் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், மாமியாரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வாரத்தில் கரைத்துக் குடித்தாள். அதன் பிறகு இருபது வருடத்தில் ஐந்து கேமரா மாறிவிட்டது. ஒவ்வொன்றையும் முதலில் பிரித்துப் பார்த்தது அவள்தான். கூட ஒன்று எடுத்தால் இப்போது யார் குடியும் முழுகுவதில்லை. அதற்காகவே டிஜிட்டலுக்குக் கோயில் கட்டலாம் என்று கணவரிடம் சொல்வாள். லிஃப்ட் வைத்துக் கட்டு, சர்வீஸ் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார் அவர்.

அன்று காலை நடந்தது இதுதான். அரசு மருத்துவமனையில் புதிய வார்டைத் திறந்து வைத்தார் மேயர். முதல் நோயாளியாக ஒரு வயதானவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வாசலில் இருந்த சாய்தளத்தின் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலிருந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தள்ளியவர் வார்டு உதவியாளர், நாற்பது வயது தாண்டிய திடமான பெண். மேயர் பக்கத்தில் நடந்தார். வலது கை நாற்காலியின் முதுகில், இடது கை கூட்டத்தைப் பார்த்து அசைந்துகொண்டிருந்தது. படம் எடுத்தாள். படம் பறந்து அலுவலகத்துக்குப் போனது.

அங்கே அதைப் பிடித்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி. முப்பத்திரண்டு வயது, படித்தவர், கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி நடந்த மூன்று நிமிடத்தில் படத்தை ஊருக்கே அனுப்பிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்வதால் 'மூணு நிமிஷம்' என்று அவருக்குப் பெயர். புதிதாக வந்திருந்த மென்பொருளில், வேண்டாத ஆள்மேல் விரலால் வட்டம் போட்டால் ஆள் மறைந்து, பின்னால் இருக்க வேண்டிய சுவரை அதுவே வரைந்துகொள்ளும். மேயரே நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது போலிருந்தால் நன்றாயிருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. வட்டம் போட்டார். உதவியாளர் மறைந்தார். ஆனால் நோயாளியின் தோளுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்திருந்த நான்கு விரல்கள் மட்டும் வட்டத்துக்கு வெளியே தப்பி நின்றன. மோதிர விரலில் பிளாஸ்டர் வேறு.

மூன்று நிமிடத்தில் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. படக்குறிப்பில் எடுத்தவர் பெயர் என்று அவளுடைய பெயர்.

படப் பிரிவு அம்மாள் போனில் மடமடவென்று சொன்னார். படத்துக்கு 'கில்' போட்டாகிவிட்டது. அவர்கள் தொழிலில் கில் என்றால் கொலைதான்: இந்தப் படம் செத்தது, யாரும் எடுத்தாளக் கூடாது என்று எல்லாப் பத்திரிகைக்கும் தகவல் அனுப்புவது. படத்தில் ஆளைச் சேர்ப்பதும் எடுப்பதும் அவர்களுக்கு மன்னிக்க முடியாத குற்றம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் வராவிட்டால், அவள் பெயர் போட்டு வரும் எந்தப் படத்தையும் இனி வாங்கமாட்டார்கள்.

"நீ செஞ்சிருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சா போதுமா? உன் பேர்ல இல்ல வந்திருக்கு."

இருபத்தேழு வருடம். ஒரே ஒரு படம்கூடத் திரும்பி வந்ததில்லை. அவள் போனை வைத்துவிட்டு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கணவர் என்ன என்று கேட்டார். நடந்து போகும்போது சொல்கிறேன் என்றாள். படிக்கட்டில் இறங்கும்போது சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டப்பா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, போ."

மருத்துவமனை, மாநகராட்சிக்கு எதிர்ப்புறம். போகிற வழியில் அதன் வாசலில் அந்த வார்டு உதவியாளர் பணி முடித்து நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் போனை நீட்டினார். யாரோ படத்தை அனுப்பி, கீழே சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டியிருந்தார்கள்.

"பாத்தீங்களாக்கா? ஆளைத் தூக்கிட்டு கைய மட்டும் வச்சுக்கிட்டாங்க. வேலைக்கு அது போதும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை வாங்கி உள்ளே வைக்கும்போது பிளாஸ்டர் போட்ட விரலை மற்ற விரல்களால் மூடிக்கொண்டார். அதை அவள் பார்த்தாள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாராம், நாளைக்குப் பேப்பரில் வருவேன் என்று.

அந்தப் படத்தில் அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் குத்தியது. சாய்தளத்தில் ஏறும்போது எழுபது கிலோ மனிதரை ஒரு கையால் தள்ளவே முடியாது. நாற்காலி பின்னால் உருண்டு வந்து தள்ளுகிறவரின் முழங்காலை உடைக்கும். ஒரு நாள் சக்கர நாற்காலி தள்ளியிருந்தால்கூட இந்தப் படத்தை யாரும் செய்திருக்கமாட்டார்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

அலுவலகத்தில் 'மூணு நிமிஷம்' முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். வழக்கமாகச் செய்யாத வேலை.

"லேசா தொட்டேங்க்கா. அவ்வளவுதான்."

"தொட்டீங்களா, தூக்கிட்டீங்களா?"

அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். கேமராவின் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் படம் சிதைந்துவிட்டது, வருந்துகிறோம் என்று இரண்டு வரி. கீழே அவள் கையெழுத்துக்கு இடம். யாருக்கும் கெடுதல் இல்லை என்றார். இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டால் இயந்திரம் கோபித்துக்கொள்ளுமா என்றார். புதுத் தொழில்நுட்பம், எல்லாரும் நம்புவார்கள் என்றார்.

அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு திருப்பி அவர் பக்கமே நகர்த்தினாள்.

"தம்பி, இந்தக் கேமரா வந்து நாலு வருஷம் ஆச்சு. மழையில நனைஞ்சிருக்கு, கீழ விழுந்திருக்கு. ஒரு தடவைகூட இல்லாததைக் காட்டினதில்ல, இருந்ததை மறைச்சதில்ல. அதும்மேல போய் நான் பொய்க் கையெழுத்து போடணுமா?"

அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம். கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். ஓரத்தை நறுக்கலாம். ஆளை நறுக்கக் கூடாது. இதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நோயாளி சாப்பிடாத சாப்பாட்டைச் சாப்பிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. அது மாதிரி.

இரண்டு பேரும் மாநகராட்சி ஆணையரின் அறை வாசலில் வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனார்கள். ஆணையர் அதற்குள் மூன்று பேரிடம் போனில் பேசிக் களைத்திருந்தார். அவள் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். என்ன, தலைவலி மாத்திரையா, எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றார் அவர். செவ்வாயைத் திறந்து கார்டை எடுத்து அவருடைய கணினியில் செருகினாள்.

காலையில் எடுத்தபடியே படம் திரையில் நின்றது. மேயர், நோயாளி, பின்னால் முழு உருவமாக உதவியாளர். அடுத்ததற்கு நகர்த்தினாள். கூட எடுத்த ஒன்று.

சாய்தளத்தின் உச்சியில், வார்டு வாசலில் பதித்திருந்த இரும்புப் பட்டையில் நாற்காலியின் முன் சக்கரம் இடித்து நின்றுபோன நொடி அது. கைதட்டல் முடிந்து எல்லாரும் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். குலுங்கியதில் நோயாளியின் ஒரு கால், நாற்காலியின் மிதிபலகையிலிருந்து நழுவித் தொங்கியது. உதவியாளர் நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துத் தன் வயிற்றில் தாங்கிக்கொண்டிருந்தார். மேயர் தரையில் முழங்காலிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே வேலையில் இருந்தார்கள்.

ஆணையர் திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு மூணு நிமிஷத்தைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு சார். மேயரோட வழுக்கை தெரியுதேன்னு விட்டுட்டேன்."

ஆணையருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே ஒரு வழியும் தோன்றிவிட்டது. இந்த நல்ல படத்தை இப்போதே அனுப்பிவிடலாம், பழையது தானாக மறந்துபோகும், விளக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னார். மேசைக்கு மேலிருந்த கடிகாரத்தில் நான்கு மணி.

அவள் கார்டைக் கணினியிலிருந்து கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். முதல்ல நாம செஞ்சது தப்புன்னு லெட்டர் போகணும். அப்புறம் அசல் படம். இது மூணாவது."

"ஏன், இது நல்லாத்தானே இருக்கு?"

"புண்ணைச் சுத்தம் பண்ணாம மேல கட்டு போட்டா உள்ளுக்குள்ள சீழ் வைக்கும் சார். அப்புறம் இதையும் சந்தேகப்படுவாங்க. இதுல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கைதான் இருக்குன்னு யாரு நம்புவாங்க?"

ஆணையர் மேயருக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி, வழுக்கையையும் சுற்றி வளைத்துச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அறையில் எல்லாருக்கும் கேட்டது. வழுக்கை இருக்கிற தலையில் வழுக்கை தெரியாமல் வேறென்ன தெரியும், நாலு விரலோடு பேயாக அலைவதற்கு இது தேவலை என்றார் மேயர்.

கடிதத்தை யார் எழுதுவது என்று கேள்வி வந்தது. மூணு நிமிஷம்தான் மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மூன்று நிமிடத்தில் முடிக்கவில்லை, நாற்பது நிமிடம் ஆனது. படத்தில் இருந்த ஒருவரை நான் மென்பொருளால் நீக்கினேன், புகைப்படக் கலைஞருக்கு இது தெரியாது, அந்த ஊழியரிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். கையெழுத்துப் போடும்போது காது சிவந்திருந்தது. அவள் படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றாள். அது உண்மையும்கூட.

நான்கு ஐம்பதுக்குக் கடிதம் போனது. இரண்டு நிமிடம் கழித்து அசல் படம் போனது. அதற்குப் பிறகு கூட ஒன்று. இந்தத் தடவை அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். அழுத்துவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்து, உதவியாளரின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு, படக்குறிப்பில் மேயருக்கு அடுத்ததாகப் போட்டாள். எத்தனையோ வருடமாகப் படக்குறிப்புகளில் 'மற்றும் ஊழியர்கள்' என்று அவளே எழுதியிருக்கிறாள். அன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

ஐந்தே காலுக்குப் படப் பிரிவு அம்மாள் கூப்பிட்டார். விளக்கம் சரி, படம் வாங்குவோர் பட்டியலில் உன் பெயர் அப்படியே இருக்கிறது என்று இறுக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னார்.

"முழங்கால் போட்ட படம் எங்க எல்லாப் பேப்பருக்கும் போகுது. உனக்கு வயசாக ஆகத்தான் கண்ணு நல்லாத் தெரியுது போல."

ஆணையர் அன்றே ஓர் உத்தரவு போட்டார். இனி மாநகராட்சியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு படத்தோடும் தொடாத அசலும் சேர்ந்தே போக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஆணையருக்கும் தெரியவில்லை, கணினிப் பிரிவுக்கும் உடனே புரியவில்லை. அவள் கேமராவின் மெனுவில் நான்காவது பக்கத்தைத் திறந்து, இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி இரண்டு பொத்தானில் மாற்றிக் காட்டினாள். மூணு நிமிஷம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இது இத்தனை நாளாக இருந்ததா என்று கேட்டார். கையேட்டில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் என்றாள்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்ததும் டப்பா எங்கே என்றார். காட்டினாள். சரி, கை கழுவிவிட்டு வா என்றார். பிறகு அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கும்போது தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்துப் பாடியதை அவர் கேட்டார். அவளுக்குப் பாட்டு வராது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அலுவலகத்துக்குப் போகும் முன் அவள் மருத்துவமனைக்குப் போனாள். கைப்பையில் அன்றைய பேப்பரும் ஓர் அடிக்கோலும் இருந்தன. பேப்பரை உதவியாளரிடம் கொடுத்தாள். அவர் படத்தை உற்றுப் பார்த்தார். தன் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, இதில் என் வயிறு இவ்வளவு பெரிதாகவா தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டே பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

அவள் வந்த காரியம் வேறு. கூட எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வாசலில் பதித்த இரும்புப் பட்டை தரையைவிட உயர்ந்து நின்றது அவள் கண்ணில் பட்டிருந்தது. புத்தம் புது வார்டு, முதல் நாளே சக்கரம் இடிக்கிறது. நாளைக்கு ஒருவர் கீழே விழுவார். புதன் குழியிலிருந்து கார்டை எடுத்துக் கேமராவில் போட்டுவிட்டு, அடிக்கோலைப் பட்டையின் பக்கத்தில் நட்டுக்குத்தலாகப் பிடிக்கச் சொன்னாள். உதவியாளர் குந்தி உட்கார்ந்து பிடித்தார். விரலில் பிளாஸ்டர் புதிது.

"கை மட்டும் போதுமாக்கா, ஆளும் வேணுமா?"

"ஆளும் வேணும். கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு."

பட்டை, அடிக்கோல், அதைப் பிடித்த ஆள், மூன்றும் தெரிய ஒரு படம். அளவு இரண்டு சென்டிமீட்டர் என்று தெளிவாக விழுந்தது. உதவியாளர் எழுந்து முழங்காலைத் தேய்க்கும்போது கூட ஒன்று. அங்கேயே நின்று, தேதி, நேரம், இடம், பிடித்திருப்பவர் பெயர் எல்லாம் எழுதி, அசலோடு சேர்த்துப் பொறியாளர் பிரிவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்த பிறகுதான் கேமராவைப் பையில் வைத்தாள்.